கைப்பேசிக்கும் வாயுண்டு

 

பெண்பிள்ளைகளைப் பாதியில் படிப்பை நிறுத்தாமல் மேலே படிக்க வையுங்கள் என்று இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த முஸ்லிம் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "டீச்சர், படி படி என்கிறீர்கள். படித்து நாலு பேர் முன்னால் ஒரு பெண் எழுந்து நின்றால், மறுநாளே கைப்பேசியில் அவள் பெயர் நாறுகிறது. எங்கள் மார்க்கத்தில் பெண் தலைமை தாங்கலாமா, கூடாதா என்று ஆளுக்கொன்று அனுப்புகிறார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது அறிஞர்களின் வேலை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் வேலையன்று. ஆனால் நம் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறவர்களின் வேதமும் வரலாறும் என்ன சொல்கின்றன என்று தெரிந்து கொள்வது எல்லாருக்கும் நல்லது. இந்து வீட்டிலும் கிறிஸ்துவ வீட்டிலும் இதே தொல்லை இருக்கிறதே! ஆகவே இது முஸ்லிம் நேயர்களுக்கு மட்டும் எழுதியது என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்.

அந்தச் சகோதரியின் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெண் தலைமை தாங்கலாமா என்பது ஒன்று. தலைமை தாங்க வந்தவளைக் கைப்பேசி கொத்திப் பிடுங்கினால் என்ன செய்வது என்பது மற்றொன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைமை தாங்கலாமா?

இதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. பாரசீக நாட்டார் தங்கள் மன்னரின் மகளை அரியணையில் அமர்த்திய செய்தி வந்தபோது, அப்படிச் செய்த கூட்டத்தார் வெற்றி காணமாட்டார்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) பேசியதாக ஒரு நபிமொழி புகாரி தொகுப்பில் இருக்கிறது. நாட்டின் தலைமைப் பதவி பெண்ணுக்கு ஆகாது என்று முற்கால அறிஞர்களில் பெரும்பாலோர் சொன்னதற்கு இது ஒரு முக்கிய ஆதாரம். அது அந்தப் பாரசீக அரசைப் பற்றிய பேச்சே தவிர, எல்லாக் காலத்துக்கும் உரிய சட்டமன்று என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. நீதிபதிப் பதவியைப் பற்றியும் இப்படியே. சில வகை வழக்குகளில் பெண் நீதிபதியாகலாம் என்றது இமாம் அபூஹனீஃபா வழி. எல்லா வழக்குகளிலும் ஆகலாம் என்பது இமாம் தபரியின் கருத்தாகச் சொல்லப்படுகிறது.

இனித் திருக்குர்ஆனுக்கு வருவோம். அதன் 27ஆவது அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியின் வரலாறு வருகிறது. நபி சுலைமானிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவள் உடனே கொதித்து எழவில்லை. பிரதானிகளைக் கூட்டி, உங்களைக் கலக்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை என்கிறாள். அவர்களோ தங்கள் படைபலத்தைச் சொல்லி, முடிவை அவளிடமே விட்டுவிடுகிறார்கள். மன்னர்கள் ஓர் ஊருக்குள் படையோடு நுழைந்தால் ஊர் பாழாகும் என்பதை அவள் எண்ணிப் பார்க்கிறாள். போரைத் தவிர்த்து, முதலில் அன்பளிப்பு அனுப்பிப் பார்க்கிறாள். அவள் சூரியனை வணங்கியதைத்தான் வேதம் குறை சொல்கிறது. பெண்ணாக இருந்து ஆண்டதைக் குறை சொல்லவில்லை. முடிவில் அவளும் சுலைமானோடு சேர்ந்து இறைவனுக்குப் பணிகிறாள்.

9ஆவது அத்தியாயத்தின் 71ஆவது வசனம், இறைநம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் துணை என்றும், நல்லதை ஏவித் தீயதைத் தடுப்பது இரு சாராரின் கடமை என்றும் கூறுகிறது. நல்லதை ஏவ வேண்டுமானால் வாய் திறக்கத்தானே வேண்டும்?

வரலாற்றில் ஓர் உதாரணம் சொல்கிறேன். கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபோது, மக்கா செல்ல முடியாத வருத்தத்தில் தோழர்கள் சோர்ந்து நின்றார்கள். பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று நபிகளார் சொல்லியும் எவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்த அவருக்கு யோசனை சொன்னவர் மனைவி உம்மு ஸலமா (ரலி). யாரிடமும் பேசாமல் வெளியே போய் முதலில் நீங்களே செய்யுங்கள் என்றார் அந்த அம்மையார். நபிகளார் அப்படியே செய்தார். பார்த்துக் கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பின்பற்றினார்கள். நெருக்கடியான நேரத்தில் ஒரு பெண்ணின் யோசனை கூட்டத்தையே எழுப்பியது!

நமக்குப் பக்கத்திலும் பாருங்கள். மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் அச்சே நாட்டை 1641 முதல் 1699 வரை நான்கு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். முதலாமவரான சுல்தானா சஃபியத்துதீன் 34 ஆண்டுகள் ஆட்சி செய்தார். அக்காலத்துப் பெரிய மார்க்க அறிஞர் அப்துர் ரவூஃப் சிங்கிலி, அந்த அரசியின் வேண்டுகோளின்படியே மலாய் மொழியில் ஒரு சட்ட நூல் எழுதினார்.

நம் நாட்டிலோ, 2010இல் கூட்டரசுப் பிரதேச ஷரியா நீதிமன்றத்துக்கு முதன்முறையாக இரண்டு பெண்கள் நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள். 2016இல் சிலாங்கூர் ஷரியா உயர் நீதிமன்றத்திலும் பெண்கள் அமர்ந்தார்கள். 2019 மே மாதம் தெங்கு மைமுன் துவான் மாட் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியாகி, 2025 ஜூலை வரை அப்பொறுப்பில் இருந்தார். கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2017 முதல் 2023 வரை அதிபராக இருந்த ஹலிமா யாக்கோப் அந்நாட்டின் முதல் பெண் அதிபர். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம். காவல்காரராக வேலை செய்தவர். மகளுக்கு எட்டு வயதாகும்போது அவர் காலமாகி விட்டார். தாய் சாப்பாட்டுக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் கடையில் தாய்க்கு உதவிய சிறுமிதான் பின்னாளில் அதிபரானார். ஏழை வீட்டுத் தாய்மார்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான். நாட்டின் உச்சப் பதவியைப் பற்றி வாதம் உண்டு. ஆனால் யோசனை சொல்வதும், பொதுக் காரியம் பார்ப்பதும், ஊருக்காகப் பேசுவதும் முஸ்லிம் பெண்ணுக்குப் புதிதல்ல. கைப்பேசி வந்த பிறகு முளைத்த வழக்கமும் அல்ல.

வந்ததை அனுப்பினேன்!

இனி இரண்டாவது கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி. தலைமை தாங்கக் கூடாது என்று சட்டம் பேசி வீட்டுக்குள் அனுப்பப்பட்ட பெண்களைவிட, அவதூறுக்குப் பயந்து தாமே உள்ளே போன பெண்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 2021 டிசம்பர் மாதம் சிலாங்கூரில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? அப்போது அங்கே ஒரு முஸ்லிம் பெண்மணி, கையில் இருந்த கைப்பேசியை வைத்துக்கொண்டே ஊரைத் திரட்டினார். யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யாரிடம் வேன் இருக்கிறது, எந்தத் தாமானில் கைக்குழந்தைக்குப் பால் மாவு இல்லை என்று புலனக் குழுவில் கேட்டுக் கேட்டு, வேண்டிய இடத்துக்கு வேண்டியதை அனுப்பினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பாராமல் எல்லாரும் அவர் சொன்னபடி சமைத்தார்கள், பொட்டலம் கட்டினார்கள். பிறகு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அவரையே செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு நாள் கூட்டம் முடிய இரவாகி விட்டது. சங்கத்து ஆடவர் ஒருவர் தம் வேனில் மூன்று பெண்களைக் கொண்டுவந்து லயத்தில் இறக்கி விட்டார். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். படத்தில் மற்ற இரண்டு பெண்களை வெட்டிவிட்டு, வேனும் அந்த ஆடவரும் இந்தப் பெண்மணியும் மட்டும் தெரியும்படி புலனத்தில் விட்டார்கள். கீழே ஒரு வரி கேலி. அவ்வளவுதான்! காலையில் பிரட்டுக்குப் போகிற நேரத்துக்குள் அந்தப் படம் நான்கு தோட்டம் சுற்றி வந்துவிட்டது. "போதும்மா, செயலாளரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வீட்டோடு இரு" என்றார் மாமியார். கணவர் நல்லவர், மனைவியை நம்பினார். ஆனால் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் சிரித்தபோது அவராலும் தலை நிமிர முடியவில்லை.

இந்த இடத்தில் திருக்குர்ஆன் என்ன செய்தது என்று பாருங்கள். ஆம், கிட்டத்தட்ட இதே போன்ற ஒரு நிகழ்ச்சி நபிகள் நாயகத்தின் வீட்டிலேயே நடந்தது.

ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை காணாமல் போயிற்று. அதைத் தேடப் போயிருந்தார். அவர் உள்ளே இருக்கிறார் என்று எண்ணிச் சிவிகையைத் தூக்கி ஒட்டகத்தின்மேல் வைத்துக் கூட்டம் கிளம்பி விட்டது. திரும்பி வந்தவர் யாரும் இல்லாததைக் கண்டு, தேடி வருவார்கள் என்று அங்கேயே தங்கினார். கூட்டத்துக்குப் பின்னால் வந்த ஸஃப்வான் என்ற தோழர் அவரைக் கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்தே அழைத்து வந்தார். அது போதுமானதாக இருந்தது, மதீனாவின் வம்பர்களுக்கு! கதை கட்டினார்கள். பரப்பினார்கள். அன்னையார் அப்போது நோயுற்றுக் கிடந்தார். தம்மைப் பற்றி ஊர் பேசுவதே ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது. அழுது அழுது துவண்டு போனார்.

அதன் பிறகு இறங்கியவைதான் 24ஆவது அத்தியாயத்தின் 11ஆம் வசனம் முதலானவை. அவை ஆயிஷா அம்மையாரைக் கண்டிக்கவில்லை. இனிமேல் பெண்கள் பயணம் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கண்டனம் முழுவதும் பேசியவர்கள் மீதே விழுந்தது. கேட்டவுடனே நம்மவரைப் பற்றி நல்லதை எண்ணி, இது பொய் என்று ஏன் சொல்லவில்லை என்று வேதம் கேட்கிறது. தெரியாத ஒன்றை நாவுக்கு நாவு மாற்றிக்கொண்டு, அதை அற்பமாக நினைத்தீர்கள். இறைவனிடத்தில் அது மிகப் பெரிது என்று 15ஆம் வசனம் கடிந்து கொள்கிறது. அதே அத்தியாயத்தின் 4ஆம் வசனமோ, கற்புள்ள பெண்கள்மேல் பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவர்களுக்கு 80 கசையடி என்றும், அவர்களுடைய சாட்சியத்தை அதன்பின் ஏற்காதீர்கள் என்றும் விதிக்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு சாட்சிகள்!

ஆயிஷா அம்மையார் அதன்பின் மூலையில் முடங்கினாரா? இல்லை. கி.பி. 678இல் மறையும் வரை மார்க்கம் கற்பித்தார். அவர் வழியாக வந்த நபிமொழிகள் 2,210 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய தோழர்கள் ஐயம் தீர அவரிடம் வந்து கேட்டார்கள். வம்புக்குப் பயந்து அவர் வாயை மூடியிருந்தால் எத்தனை பாடங்கள் நமக்கு வராமலே போயிருக்கும்!

பக்கத்துத் தோட்டத்துச் செய்தியை முடித்து விடுகிறேன். படத்தை முதலில் அனுப்பியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அதை அங்கே குழுவில் போட்ட இளைஞனை, சூராவுக்கு வரும் பெரியவர் ஒருவர் அழைத்து விசாரித்தார். "நீ பார்த்தாயா?" "இல்லை." "பார்த்தவர் யார்?" "தெரியாது." "பிறகு ஏன் அனுப்பினாய்?" "வந்தது, அனுப்பினேன்." பெரியவர் கோபப்படவில்லை. மேலே நான் சொன்ன 15ஆம் வசனத்தை அவனையே ஓதச் சொல்லி, பொருளையும் சொல்ல வைத்தார். அன்று மாலையே அவன் அதே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினான். அந்தப் பெண்மணி செயலாளராகத் தொடர்கிறார்.

ஆனால் ஒன்று. அன்று வேனில் கூட வந்த மற்ற இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வருவதில்லை. அவர்களில் ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர். அடுத்த ஆண்டு பொருளாளராக வரவேண்டியவர். அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் பயந்து விட்டார். ஒரு பெண்ணைப் பற்றிய பொய், பார்த்துக் கொண்டிருக்கும் பத்துப் பெண்களை வீட்டுக்குள் அனுப்பி விடுகிறது. மன்னிப்புக் கடிதம் அவர்களைத் திரும்ப அழைத்து வருவதில்லை. நமக்கு உண்மையான நட்டம் இதுதான், நேயர்களே!

கருத்து வேறு, பழி வேறு

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பெண் தலைவரை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். சங்கக் கணக்கு எங்கே? கூட்டம் ஏன் நடக்கவில்லை? இந்த முடிவு சரியில்லையே? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆணிடம் எப்படிக் கேட்போமோ அப்படியே பெண்ணிடமும் கேட்க வேண்டும். ஹலிமா யாக்கோப் 2017இல் போட்டியின்றித் தேர்வானபோது, மக்கள் வாக்களிக்க வாய்ப்பில்லாமல் போயிற்றே என்று பலர் குறை சொன்னார்கள். அது கருத்து. பொதுவாழ்வுக்கு வந்தவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் யாரோடு வந்தாள், என்ன உடுத்தினாள், இரவில் ஏன் விளக்கு எரிந்தது என்பதெல்லாம் கருத்தல்ல, பழி. அவள் செய்த வேலையைப் பற்றிப் பேசுகிறோமா, அவள் மானத்தைப் பற்றிப் பேசுகிறோமா என்று பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

வம்பு எந்தக் காலத்திலும் உண்டு. அந்நாளில் பீலிக் கரையில் பேசிய வம்பு, குடம் நிறைந்ததும் பாதி கரைந்து போகும். இன்றைய வம்பு கரைவதில்லை. படத்தை வெட்டலாம், குரலை ஒட்டலாம், இல்லாத படத்தையே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உண்டாக்கலாம். அழித்தாலும் வேறொருவர் கைப்பேசியில் அது இருக்கும். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் இனத்துப் பெண் ஒருவர் இணையத்தில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. ஆகவே "வந்தது, அனுப்பினேன்" என்ற சமாதானம் போலீஸ் நிலையத்தில் நம்மைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

அதே கைப்பேசியை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம். இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியச் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நாட்டில் 2017 ஏப்ரலில், சிரெபோன் பகுதியில் உள்ள ஒரு பெசந்திரன் பள்ளியில் பெண் மார்க்க அறிஞர்களின் மாநாடு கூடியது. அந்தப் பள்ளியை நடத்துகிறவரும் ஒரு பெண்மணியே. சிறுவயதுத் திருமணத்தைத் தடுக்க வேண்டும் என்று வேதத்தையும் நபிமொழியையும் ஆராய்ந்து அங்கே முடிவு சொன்னார்கள். நீதிமன்றம் போனவர்கள், பெண்கள் அமைப்புகள் என்று இன்னும் பலரும் பாடுபட்டார்கள். 2019இல் அந்நாட்டில் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 19ஆக உயர்த்தப்பட்டது. இந்தப் பெண் அறிஞர்கள் இன்று இணையத்தில் எழுதுகிறார்கள், காணொளியில் பாடம் நடத்துகிறார்கள். சமையல்கட்டில் இருந்தபடியே ஒரு தாய் மார்க்கப் பாடம் கேட்க முடிகிறது. பொய் போகும் அதே கம்பியில்தான் பாடமும் போகிறது. எதை அனுப்புவது என்பது நம் விரலில் இருக்கிறது.

கடைசியாகச் சில வார்த்தைகள்.

தாய்மார்களே, உங்கள் மகளோ மருமகளோ ஒரு பொதுக் காரியத்தில் இறங்கி, அவள்மேல் பழி வந்தால், "வீட்டோடு இரு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்காகத்தான் வம்பர்கள் காத்திருக்கிறார்கள். "நான் இருக்கிறேன், நீ போ" என்று சொல்லுங்கள்.

அண்ணன்மார்களே, மனைவியும் தங்கையும் கூட்டத்துக்குப் போனால் நீங்களும் ஒரு முறை கூடப் போங்கள். சாப்பாட்டுக் கடையில் யாராவது படத்தைக் காட்டிச் சிரித்தால், "நீ பார்த்தாயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போதும்.

இளைஞர்களே, புலனக் குழுவை நடத்துகிறவர் நீங்களானால், அந்தக் குழு உங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி. திண்ணையில் உட்கார்ந்து ஒருவன் ஊர்ப் பெண்ணை இழிவாகப் பேசினால் பார்த்துக் கொண்டிருப்பீர்களா? 49ஆவது அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் முதலில் விசாரித்துத் தெளியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள் என்ற பொருளில் அமைந்தது. முஸ்லிமோ இல்லையோ, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிற புத்திமதி இது.

பொது வேலைக்கு வரத் துணிந்த சகோதரிகளே, கணக்கைச் சுத்தமாக எழுதி வையுங்கள். ஸபா அரசியைப் போல நாலு பேரைக் கலந்து முடிவு எடுங்கள். தவறு சுட்டிக் காட்டப்பட்டால் திருத்திக் கொள்ளுங்கள். பழி வந்தால், அதைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். நாற்காலியை மட்டும் காலி செய்யாதீர்கள். நீங்கள் எழுந்து போனால், உங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருக்கும் சிறுமி வரவே மாட்டாள்.

 உங்கள் வட்டாரத்தில் பொதுக் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் பெண்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள், நேயர்களே. அவர்கள் செய்த நல்ல காரியமும் நாலு தோட்டம் சுற்றி வரட்டும்!